84 ஸ்லைடுகளும் ஒரு கூட்டல் குறியும்

ஒரு செமஸ்டர் முடிவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அறிமுகப் புள்ளியியல், 60 பேர். ஒரு மாதிரியிலிருந்து விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிடச் சொல்லியிருந்தேன். எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவு அது. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் எண்ணிக்கையில் 1 கழித்து வகுக்க வேண்டும். முதல் தாளில் 1 கூட்டி வகுத்திருந்தது. கை தவறியிருக்கும் என்று விட்டேன். இரண்டாவதிலும் கூட்டல். ஐந்தாவதிலும். பத்துத் தாள் தாண்டியதும் காப்பிதான் என்று முடிவுகட்டி, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று இருக்கைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வெவ்வேறு அறைகள். அப்புறம்தான் என் ஸ்லைடுகளைத் திறந்தேன். 37ஆம் ஸ்லைடில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி. என் கையால் தட்டியது.

மொத்தம் 41 பேர். காப்பி என்று நான் நினைத்தது சரிதான். அடித்தது என்னைப் பார்த்து.

எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். ஆனாலும் இரவெல்லாம் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. வகுப்பில் நான் 'ஒன்று கழிக்க வேண்டும்' என்று வாயால் சொல்லியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. வாய் ஒன்று சொல்ல, திரை ஒன்று காட்ட, 60 பேரில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கும் உறுத்தவில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் நான் 84 ஸ்லைடுகள் செய்து வைத்திருந்தேன். துறையில் 'டெக்னாலஜி தெரிந்தவர்' என்று எனக்குத்தான் பெயர்.

அன்றிலிருந்து வகுப்புக்குள் எந்தப் புதுக் கருவி வந்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். மாணவருக்கு எங்கே புரியவில்லை என்பதை, நான் இன்னும் ஏதாவது செய்ய முடிகிற நேரத்தில், இது எனக்குக் காட்டுமா? ஸ்லைடு காட்டவில்லை. மூடி மறைத்தது.

ஸ்லைடைத் திட்டுவது சுலபம், எனக்கும் அதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் அதன் மேல் பழி போட்டால் மட்டும் போதாது. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல வருடங்களாகச் செய்த சோதனைகளில் ஒன்று என்னை நேராகக் குத்தியது. படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் புரிகிறது. அதே விளக்கத்தை எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டால் புரிவது குறைகிறது. கண் எழுத்தைப் படிக்க ஓடும், காது பேச்சைப் பிடிக்கப் பார்க்கும், படம் அநாதையாக நிற்கும். நான் பத்து வருடங்களாகச் செய்தது அதைத்தான், அதுவும் படம்கூட இல்லாமல்.

இப்போது ஒரு காகிதத்தின் மேல் கேமராவை நிறுத்தி, கையால் எழுதி, அதைத் திரையில் காட்டுகிறேன். பழைய கரும்பலகை வேலைதான். என் கை எழுதும் வேகத்துக்கு அவர்கள் கை எழுத முடியும். அதோடு, வழியில் நான் தப்பு செய்கிறேன், அடிக்கிறேன், திரும்பப் போகிறேன். சூத்திரம் வானத்திலிருந்து முழுசாக விழுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஸ்லைடுகளை அடியோடு விட்டுவிடவும் இல்லை. வரைபடங்களுக்கு வைத்திருக்கிறேன். ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளைக் கையால் வரைந்தால் விடிந்துவிடும். நான்கிலும் பதினொரு புள்ளிகள், ஒரே சராசரி, ஒரே ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்). வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். அதற்குத் திரைதான் சரி. எழுத்தே இல்லாமல் நான்கு படங்களைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

அடுத்தது கிளிக்கர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன ரிமோட், கேள்விக்கு விடையை அமுக்கினால் மொத்த வகுப்பின் விடையும் திரையில் பட்டை வரைபடமாக வரும். இதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு வழி காட்டியவர் ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். 1990களின் தொடக்கத்தில், விசையைப் பற்றிய மிக எளிய கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்திருக்கிறார். ஒரு மாணவி எழுந்து, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுத வேண்டுமா?" என்று கேட்டாளாம். இதைப் படித்ததும் என் 41 பேர் கண்முன் வந்தார்கள். மசூர் அதற்குப் பிறகு விரிவுரையை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு, தனித்தனியாக விடை வாங்கி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி விடை வாங்க ஆரம்பித்தார்.

நானும் செய்தேன், முதல் வருடம் கேவலமாக. கிளிக்கர் விடைகளை வருகைப் பதிவோடு இணைத்து, அதற்கு மதிப்பெண்ணும் வைத்தேன். மூன்றாவது வாரம், கடைசி வரிசையில் ஒருவன் மடியில் நான்கு கிளிக்கர்களை வைத்துக்கொண்டு பியானோ வாசிப்பதுபோல அமுக்கிக்கொண்டிருந்தான். நான்கிலும் ஒரே விடை. நண்பர்களுக்கு நேர்மையாகத்தான் இருந்தான் என்று சொல்ல வேண்டும்.

மறு வருடம் மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன். நோய்ச் சோதனைக் கணக்கைக் கொடுத்தேன். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். சோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் தவறாக 'உண்டு' என்று சொல்லும். ஒருவருக்கு 'உண்டு' என்று வந்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 54 பேர் அமுக்கினார்கள். 33 பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை சுமார் 2 சதவீதம். அதைத் தொட்டவர்கள் 7 பேர். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இதே கணக்கை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளில் 60 பேரிடம் கேட்டு 1978இல் வெளியிட்டார்கள். மருத்துவர்களும் மாணவர்களும் சேர்ந்த அந்த 60 பேரில் 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள்.

சரியாகச் சொன்னவர்கள் இவ்வளவு குறைவாக இருந்தால் உடனே பேசவிட்டுப் பயனில்லை, தப்புதான் ஜெயிக்கும். அதனால் ஒரு வரி மட்டும் சொன்னேன்: "ஆயிரம் பேரைக் காகிதத்தில் நிறுத்துங்கள், எத்தனை பேருக்கு 'உண்டு' வரும் என்று எண்ணுங்கள்." அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னேன். மூன்று நிமிடம் சந்தை இரைச்சல். நோய் உள்ளவர் ஒருவர், பொய்யாக மாட்டியவர் சுமார் 50 பேர், ஆக 51இல் ஒன்று. மறுபடி அமுக்கியபோது 38 பேர் சரி. அந்த வகுப்பில் நான் பேசியது மிகவும் குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ரிமோட்டுகள் பேட்டரி தீர்ந்து, காணாமல் போய், மூன்றாவது வருடம் பாதிதான் மிச்சம். நான்கு நிறத்தில் அட்டை வெட்டிக் கொடுத்தேன், விடைக்கு ஒரு நிறம், தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு குறையும் தெரியவில்லை. நதானியல் லாஸ்ரி என்பவர் 2008இல் இதையே ஒப்பிட்டுப் பார்த்து, கற்றதில் கிளிக்கருக்கும் அட்டைக்கும் வித்தியாசம் காணவில்லை என்று எழுதியிருக்கிறார். எண்ணிக்கை துல்லியமாகப் பதிவாவதும், யார் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இருப்பதும்தான் கருவியில் கிடைத்த கூடுதல். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்பதால், இப்போது கைபேசி வாக்கெடுப்புக்கு மாறியிருக்கிறேன். பெயர் கேட்காத வாக்கெடுப்பு.

கணினி இல்லாமல் செய்யவே முடியாத ஒன்று என்றால், எனக்கு அது உருவகப்படுத்தல், அதாவது கணினியில் செயற்கையாக மாதிரிகளை எடுத்துப் பார்ப்பது. ஆனால் அதிலும் முதலில் சறுக்கினேன். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (மாதிரியை வைத்து, உண்மைச் சராசரி இந்த எல்லைக்குள் என்று போடும் மதிப்பீடு) என்றால் என்ன என்று காட்ட, திரையில் ஒரு நிரலை ஓடவிட்டேன். மாதிரி மேல் மாதிரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளியைக் கோடாகப் போடும். உண்மைச் சராசரியைத் தொடாத கோடு மட்டும் சிவப்பாக மாறும். அழகாக இருக்கும். பட்டாசு பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தேர்வில் கேட்டால் வழக்கமான அதே தப்பு: 'இந்த இடைவெளிக்குள் சராசரி இருக்க 95 சதவீத வாய்ப்பு.'

அடுத்த முறை நிரலை மாற்றி எழுதினேன். பதிவெண்ணை உள்ளிட்டால் ஒவ்வொருவருக்கும் தனியாக 20 எண்கள் கிடைக்கும். எல்லாமே ஒரே முழுமைத்தொகுதியிலிருந்து, அதாவது மாதிரி எடுக்கப்படும் மொத்தத் தரவிலிருந்து, வந்தவை, அதன் சராசரி எனக்கு மட்டும் தெரியும். அவரவர் இடைவெளியை அவரவர் கணக்குப் போட்டு, பலகைக்கு வந்து ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். (ஆளுக்கொரு தரவு என்பதால் பார்த்து எழுதும் தொல்லையும் ஒழிந்தது, அது உபரி லாபம்.) 60 கோடுகள் விழுந்த பிறகு, எத்தனை பேருடையது தொடாமல் போகும் என்று கேட்டேன். பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்றார்கள். எல்லோரும் சரியாகத்தானே போட்டிருக்கிறோம்! உண்மைச் சராசரி இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டை இழுத்தேன். நான்கு கோடுகள் அதைத் தொடவில்லை.

அதில் ஒன்றுக்குச் சொந்தக்காரி எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறவள். முகம் சுருங்கிவிட்டது. இடத்துக்குப் போய்த் திரும்பவும் போட்டாள், மறுபடியும் அதே விடை. "மேம், நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"எங்கேயும் இல்லை."

"அப்புறம் ஏன் என் கோடு மட்டும் வெளியே?"

"60 பேரில் சராசரியாக மூன்று பேருக்கு இப்படி ஆகும். இந்த முறை நான்கு."

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "நிஜமான ஆராய்ச்சியில அந்த நேர்கோட்ட யாரும் போட்டுக் காட்ட மாட்டாங்களே. நாம அந்த நாலு பேர்ல ஒருத்தரான்னு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன். வகுப்பு அப்படியே அமைதியானது. 95 என்பது அவள் கோட்டைப் பற்றியது அல்ல, கோடு போடும் முறையைப் பற்றியது என்பதை நான் நாலு செமஸ்டர் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். பலகையில் தன் பெயர் வெளியே தனியாக நின்றபோதுதான் அது உள்ளே போனது. காட்டியது அதேதான், மாறியது என்னவென்றால், நேர்கோடு விழுவதற்கு முன் அவர்கள் ஒரு பக்கம் பந்தயம் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீடியோ பற்றிச் சுருக்கமாக. 2020இல் எல்லோரையும்போல நானும் 50 நிமிட விரிவுரைகளை அப்படியே பதிவு செய்து ஏற்றினேன். பார்த்தவர்களின் வரைபடத்தைத் திறந்தால் மலைச்சரிவு. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் வந்த ஓர் ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் நிற்பது ஏறக்குறைய ஆறு நிமிடம் வரைதான் என்று சொன்னது. வெட்டினேன். அதைவிடப் பெரிய பாடம் வேறு. வீட்டில் வீடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள், வகுப்பில் கணக்குப் போடலாம் என்று ஏற்பாடு. பாதிப் பேர் பார்க்காமல் வந்தார்கள். பாவம் என்று முதல் இருபது நிமிடம் அதையே திரும்ப விளக்கினேன். இரண்டே வாரத்தில், பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த மற்ற பாதியும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் முட்டாள்களா என்ன?

அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே புதையல், அரட்டைப் பெட்டி. திரையில் கேமரா அணைத்த 60 கறுப்புக் கட்டங்கள், கேள்வி கேட்டால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆனால் எனக்கு மட்டும் தெரியும்படி தனியாகக் கேள்விகள் வந்து விழும். நேர் வகுப்பில் ஒரு நாளும் கை தூக்காதவர்களிடமிருந்து. திரும்பி வந்த பிறகும் அதை விடவில்லை. வகுப்பு நேரத்தில் பெயரில்லாமல் கேள்வி போடும் ஒரு பக்கம் திறந்திருக்கும். 'மேம், இந்த வரிக்கு முந்தின வரியிலிருந்தே புரியல' என்று வரும் அந்த ஒரு வாக்கியத்துக்காக மற்ற எல்லா மென்பொருளையும் விட்டுக்கொடுப்பேன்.

கணினியே திருத்தும் வினாடி வினாக்கள் எனக்குப் பாதி நண்பன். வாரம் ஒருமுறை, மதிப்பெண் இல்லாமல். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள், அதை நம்பித்தான். ஆனால் கணினி 0.33ஐ ஏற்று 0.333ஐத் தப்பு என்று சொன்ன நாளில் எனக்கு 22 மின்னஞ்சல்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று விட்டால், பச்சை விளக்கு எரியும்வரை ஒவ்வொரு விடையாக அமுக்குவார்கள். இரண்டு முறைதான் என்று வைத்து, தப்பானால் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்ன பிறகுதான் அது எனக்கு எதையாவது காட்ட ஆரம்பித்தது.

அப்புறம் 2022 நவம்பர் வந்தது, சாட்ஜிபிடி வந்தது. அசைன்மென்ட் எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று வர ஆரம்பித்தன. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு மாணவனின் அறிக்கைக்கு அது 90 சதவீதத்துக்கு மேல் காட்டியது. கூப்பிட்டேன், கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தன் நோட்டை எடுத்து நீட்டினான். அடித்து அடித்து எழுதிய நான்கு வரைவுகள். ஆங்கிலம் வராததால் சின்னச் சின்ன, பாதுகாப்பான வாக்கியங்களாக எழுதியிருந்தான். கருவிக்கு அது இயந்திரம் மாதிரி தெரிந்திருக்கிறது. பின்னால் 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வைப் படித்தேன்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இப்படித் தவறாக மாட்டியிருந்தன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையில் எடுத்துவிட்டது.

நோய்ச் சோதனைக் கணக்கை வருடாவருடம் நடத்துகிறவள் நான். 'சோதனை சொன்னதை அப்படியே நம்பாதே' என்று 33 பேரைத் திருத்தியவள். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கருவியை அதற்குப் பிறகு திறக்கவில்லை. இப்போது அறிக்கையைக் கொடுக்கும்போது ஆளுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுகிறேன். 60 பேருக்கு 600 நிமிடம். முதுகு வலிக்கிறது. யாருக்குப் புரிந்திருக்கிறது என்று மூன்றாவது நிமிடமே தெரிந்துவிடுகிறது.

போன செமஸ்டர் அந்தப் பழைய 84 ஸ்லைடுகளைத் தூசி தட்டி எடுத்தேன், 37ஆம் ஸ்லைடைத் திருத்தாமல். இதில் ஒரு தப்பு இருக்கிறது, எந்தக் கருவியை வேண்டுமானாலும் வைத்துக் கண்டுபிடியுங்கள் என்று குழுக்களிடம் கொடுத்தேன். சாட்பாட்டிடம்தான் கொடுப்பார்கள் என்று தெரியும். ஒரு குழுவுக்கு அது ஐந்து தப்புகளைப் பட்டியலிட்டுத் தந்தது. மூன்று, தப்பே இல்லை. ஒன்று, எனக்குத் தெரியாமலே இருந்த எழுத்துப்பிழை. ஐந்தாவது, அந்தக் கூட்டல் குறி. எது நிஜமான தப்பு என்று அடித்துக்கொண்டதிலேயே முக்கால் மணி நேரம் போனது. சண்டை ஓயும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"மேம், 1 கூட்டி வகுத்தாலும் தப்பில்லைன்னு இது சொல்லுது. இன்னொரு வகையில பார்த்தா அதுதான் நல்லதாம்."

உளறுகிறது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினேன். எங்கேயோ படித்த ஞாபகம். சாக்பீஸை எடுத்து, தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, பிழையின் வர்க்கச் சராசரியை எழுதி, அதை மிகக் குறைவாக்கும் வகுஎண் எது என்று அவர்களையே வரி வரியாகச் சொல்லவிட்டு வந்தேன். மணி அடித்தும் யாரும் நகரவில்லை. 1 கழித்து வகுத்தால், பல மாதிரிகளின் சராசரியில் மதிப்பீடு ஒரு பக்கம் சாயாமல் நிற்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை, மொத்தப் பிழை குறைந்தால் போதும் என்று நினைத்தால், கடைசி வரியில் வந்து நிற்பது எண்ணிக்கையோடு 1 கூட்டியதுதான்.

"அப்போ உங்க ஸ்லைடு சரிதானே மேம்?" என்றான்.

"நான் அதை நினைத்து எழுதவில்லை" என்றேன்.